தோலும் தொழிலும்: கைவிடத்தக்க சில பழக்கங்கள்

அணுபுரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் கூட்டுறவு நியாயவிலைக் கடையைச் சென்ற ஆண்டு ஆய்வு செய்துகொண்டிருந்தேன். அப்போது அரிசி வாங்க வந்த அம்மையார் ஒருவர் விரல் ரேகைப் பொறியில் கட்டைவிரலை வைத்தார், பொறி ஏற்கவில்லை. சுட்டுவிரலை வைத்தார், அதையும் ஏற்கவில்லை. பத்து விரல்களையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்த பின்னர், விற்பனையாளர் மாற்று வழியில் பதிவு செய்துகொண்டு அரிசி அளந்தார். அம்மையார் நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். நூலுக்குச் சாயமேற்றும் வேலை பல ஆண்டுகளாகச் செய்துவருபவர். "இந்தக் கைக்கு ரேகை ஏது, சார்? சாயத்தோடு போய்விட்டது" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டிக் காட்டினார். விரல் நுனிகள் வழவழப்பாகவும், உள்ளங்கை வெடித்தும் இருந்தன.

விசாரித்ததில், ரேகை போனதற்குச் சாயம் மட்டும் காரணம் அன்று எனத் தெரிந்தது. அன்றாடம் மாலையில் கையிலுள்ள கறையை நீக்கச் சலவைத்தூளைக் கரைத்து அதில் கையை ஊறவைத்துத் தேய்ப்பது அவர் வழக்கம். அன்று முதல், கணக்குப் புத்தகங்களைப் புரட்டும்போது அவற்றை நீட்டும் கைகளையும் கவனிக்கும் பழக்கம் எனக்கு ஏற்பட்டுவிட்டது. அவ்வாறு கண்டவற்றையும், வைத்தியர்களிடம் கேட்டறிந்தவற்றையும், என் உடம்பில் பட்டறிந்த ஒன்றையும் அங்கத்தினர்களுக்குத் தெரிவிக்கவே இதனை எழுதுகிறேன்.

தோலின் மேலடுக்கு உயிரற்ற நுண்ணறைகளால் ஆனது. அவற்றின் இடைவெளிகளில் ஒருவகைக் கொழுப்பு நிறைந்து, அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து நிற்கிறது. பாவு நூலுக்குக் கஞ்சி எவ்வாறோ அவ்வாறே இந்நுண்ணறைகளுக்கு அக்கொழுப்பு. கஞ்சி குறைந்த நூல் தறியில் அறுந்துபோவதை நெசவாளருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொழுப்பை இழந்த தோலும் அதுபோலவே வெடிக்கிறது. நலமுள்ள தோலின் மேற்பரப்பு சிறிதளவு புளிப்புத் தன்மை உடையது. காஸ்டிக் சோடாவும் சலவைத்தூளும் அதற்கு நேர்மாறான காரத்தன்மை உடையவை. தோலின் கொழுப்பைக் கரைத்துவிடுபவை. மேலும், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் எண்ணெய்ச் சுரப்பிகள் இயற்கையாகவே இல்லை. உழைப்பாளிக்கு முதலில் வெடிப்பது இவ்விரண்டு இடங்களே என்பதன் காரணம் இதுதான்.

தோலின் அடியில் பிறக்கும் நுண்ணறை மேலே வந்து உதிர்வதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகிறது. தோலில் ஏறிய சாயக்கறையும் அத்துடன் தானாகவே உதிர்ந்துவிடும். கறையைப் போக்கச் சலவைத்தூளோ, ஹைட்ரோஸோ, மண்ணெண்ணெயோ வேண்டியதில்லை. கை கறையுடன் இருப்பது குறையும் அன்று. வேலை முடிந்ததும் சிறிது தேங்காய் எண்ணெயைத் தேய்த்து, மென்மையான சோப்பால் கழுவி, ஈரம் முற்றும் காய்வதற்கு முன்னர் மீண்டும் சில துளி எண்ணெயைப் பூசிக்கொள்வது போதும். சாயத்தொட்டியில் கையை விடுமுன் ரப்பர் கையுறை அணிதல் இதனினும் மேலானது. கையுறைக்குள் வியர்க்கிறது என்று பலர் கழற்றிவிடுகின்றனர். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை ஒன்றை அணிந்தால் அத்தொல்லை குறையும். ஓட்டை விழுந்த கையுறையோ, ஒன்றும் அணியாததைவிடக் கேடானது. சாயமும் காரமும் உள்ளே புகுந்து தோலோடு தோலாகத் தங்கிவிடும்.

வேளாண்மை செய்யும் அன்பர்களுக்குக் கையைவிடக் காலே கவலை தருவது. நடவுக் காலத்தில் நாள் முழுவதும் சேற்றில் நிற்கும் பெண்டிருக்குக் கால்விரல் இடுக்குகள் ஊறி வெளுத்துச் சேற்றுப்புண் உண்டாகிறது. ஊறிய தோலில் காளானும் கிருமியும் எளிதில் குடியேறும். கரையேறியதும் நல்ல நீரில் கழுவி, விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் உலர்ந்த துணியால் துடைத்து, இரவில் காலைக் காற்றாட விடுவதே இதற்குரிய அன்றாடப் பழக்கம். மருதாணி இலையை அரைத்துப் பூசும் பழைய வழக்கத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் கருப்பு மருதாணி என்று விற்கப்படும் கலவைகளில் தலைச்சாயத்தில் சேரும் இரசாயனம் கலந்திருப்பதுண்டு. அது தோலைக் கொப்புளிக்கச் செய்யும். நீரிழிவு உள்ளவர்கள் சேற்றுப்புண்ணைச் சிறிதென்று எண்ணாமல் உடனே வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

இனி, நான் பட்டறிந்த விஷயத்திற்கு வருகிறேன். நமது கடற்கரைப் பகுதியின் கோடை வெப்பமும் உப்புக்காற்றும் யாவரும் அறிந்ததே. மோட்டார் சைக்கிளில் சுற்றுப்பயணம் செய்யும் எனக்குச் சில ஆண்டுகளுக்கு முன் இடுப்பில் படர்தாமரை கண்டது. மருந்துக்கடையில் கேட்டவுடன் ஒரு குழாய்க் களிம்பைக் கொடுத்தனர். மூன்றே நாளில் அரிப்பு நின்றது. பட்டதாரியாகிய நான் அதன் மேலட்டையைப் படித்தும் பார்க்கவில்லை. ஒரு மாதத்தில் படை திரும்பி வந்தது. முன்னைவிடப் பெரிதாக வந்தது. இரண்டாவது குழாயும் மூன்றாவது குழாயும் வாங்கினேன். அதற்குள் என் மனைவிக்கும் குழந்தைக்கும் அது தொற்றிவிட்டது. இறுதியில் தோல் வைத்தியரிடம் சென்றபோது, அவர் முதலில் கேட்டது அந்தக் குழாயைத்தான். மூவரும் குணமாவதற்குப் பல மாதங்கள் பிடித்தன.

அக்களிம்பில் காளானைக் கொல்லும் மருந்துடன் குளோபெட்டசால் என்னும் ஸ்டீராய்டும் கலந்திருந்தது. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கும். கூடவே உடம்பின் எதிர்ப்பையும் அடக்கிவிடும். காவற்காரனை உறங்கவைத்த வீட்டில் திருடன் உலாவுவதுபோல, காளான் சத்தமின்றிப் பரவுகிறது. நெடுநாள் பூசினால் தோல் மெலிந்து, வரிவரியாகக் கிழிந்த தழும்பு விழும்; முகத்தில் பூசினால் பருவும், மயிர் வளர்ச்சியும், மாறாத சிவப்பும் ஏற்படும். இந்திய அரசு 2018 மார்ச்சில் இத்தகைய ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை 'எச்' அட்டவணையின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அவற்றை வைத்தியரின் சீட்டின்றி விற்கலாகாது. எனினும் சீட்டின்றி விற்பதும் வாங்குவதும் நின்றபாடில்லை.

இதன் விளைவு நம் ஊரோடு நின்றுவிடவில்லை. வழக்கமான மருந்துகளுக்கு எளிதில் அடங்காத காளான் ஒன்றை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2020-இல் தனி இனமாக வகைப்படுத்தி, டிரைக்கோபைட்டான் இண்டோட்டினியே என்று பெயரிட்டனர். அப்பெயரிலேயே நம் நாட்டின் பெயர் ஒலிக்கிறது. பெருமைப்படத்தக்க பெயர் அன்று. ஸ்டீராய்டுக் களிம்புகளை மனம்போனபடி பூசியது அக்காளான் பரவியதற்கு ஒரு காரணம் என வைத்தியர் பலர் கருதுகின்றனர்.

ஆகவே, களிம்பு வாங்குமுன் மேலட்டையைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்களுள் ஒன்று கண்டால், வைத்தியர் சொல்லாமல் அதனைத் தொடாதீர்கள். முன்னரே பல மாதம் முகத்தில் பூசிவந்தவர்கள் திடீரென நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் மிகுவதுண்டு. அதற்கு அஞ்சி மீண்டும் பூசாமல், வைத்தியரின் யோசனைப்படி விடுதல் வேண்டும். படர்தாமரை உள்ள வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித் துண்டு இருக்கட்டும். உள்ளாடைகளை வீட்டிற்குள் கொடியில் போடாமல் வெயிலில் காயவிடுங்கள். அரைஞாண் கயிறு ஈரத்தோடு கிடந்து காளானைத் தாங்கி நிற்பதால், குணமாகும்வரை அதனைக் கழற்றிவைப்பது நலம். என் வீட்டுப் பெரியவர்கள் இதற்கு உடன்படச் சிறிது காலம் ஆயிற்று. அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தாமல், சொன்ன நாள் வரையில் தொடருங்கள். இறுக்கமான செயற்கை நூல் ஆடையைவிடத் தளர்ந்த பருத்தி ஆடை மேலானது. நமது சங்கத்துத் துணி விற்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை.

நிறத்தை வெளுக்கச் செய்வதாகக் கூறும் களிம்புகளும் இவ்வகையினவே. சிலவற்றில் ஸ்டீராய்டும், சிலவற்றில் பாதரசமும் இருந்ததுண்டு. கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை வைத்தியர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேருக்கு அந்நோயின் ஓர் அரிய வகை இருந்தது. அந்தப் பதினைவருள் 13 பேர் இத்தகைய களிம்பைப் பூசியவர்கள். வெயிலில் உழைப்பவர் முகம் கறுப்பதை ஒரு முண்டாசும் தொப்பியும் தடுக்கும் அளவுக்கு எந்தக் களிம்பும் தடுப்பதில்லை.

களிம்பு பூசி மறைப்பதால் நேரக்கூடிய பெருந்தீங்கு ஒன்றும் உண்டு. வெளிர்ந்த அல்லது சிவந்த தேமல், அரிப்பும் இன்றி உணர்ச்சியும் இன்றி இருக்குமாயின், அது தொழுநோயாக இருக்கலாம். படர்தாமரை என்று எண்ணிக் களிம்பு பூசிக் கழிக்கும் மாதங்களில் நரம்பு கெடுகிறது. விரலில் உணர்ச்சி இழந்த நெசவாளி இழை பிணைப்பது எங்ஙனம்? செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924-இல் தொடங்கிய தொழுநோய் மருத்துவ இல்லத்தை மத்திய அரசு 1955-இல் ஏற்று, ஆராய்ச்சி நிலையமாக வளர்த்தது. இந்நோய்க்குரிய கூட்டுமருந்து அரசால் இலவசமாக வழங்கப்படுகிறது. நோயின் வகைக்கேற்ப 6 மாதமோ 12 மாதமோ உட்கொண்டால் முற்றும் குணமாகும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதலில் காட்டலாம். வெட்கப்பட்டு மறைப்பதற்கு இதில் ஏதுமில்லை.

சாயப்பட்டறைக்குக் கையுறைகளை மொத்தமாக வாங்கிய சங்கச் செயலாளர் ஒருவர், அச்செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று என்னிடம் கேட்டார். பட்டறைத் தளவாடச் செலவில் எழுதலாம்; நிர்வாகக் குழுவின் தீர்மானமும் பற்றுச்சீட்டும் இருந்தால் ஆய்வில் நான் மறுப்புக் குறிப்பு எழுதமாட்டேன்.