யப்பானியர் கோழிப் பொரியலும் நம் வீட்டுத் தாச்சியும்

வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ஏ-9 வீதி வழியே செல்வோர், உணவுக் கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளிற் பொரித்த கோழி பொன்னிறமாய் அடுக்கப்பட்டிருக்கக் காண்பர். பிள்ளைகள் பெரிதும் விரும்பும் அப்பண்டத்தை நன்றெனக் கொள்வதா, தீதெனத் தள்ளுவதா? யப்பானியரின் ‘கராகே’ என்னும் கோழிப் பொரியலை ஆராய்ந்தால் விடை ஓரளவு புலனாகும்.

கியூஷு தீவிலுள்ள நக்கட்சு நகரம் கராகேக்குப் பேர்போனது. தோலோடு கூடிய தொடையிறைச்சியைத் துண்டுகளாக்கி, சோயா சோஸ், இஞ்சி, உள்ளி சேர்த்து ஊறவைத்து, உருளைக்கிழங்கு மாவிற் புரட்டிப் பொரிப்பர். அதன் 100 கிராமில் ஏறக்குறைய 300 கலோரியும், 24 கிராம் புரதமும், 18 கிராம் கொழுப்பும் உண்டு. வளரும் பிள்ளைக்கு அந்தப் புரதம் வேண்டியதே. கொழுப்பைப் பற்றியே சிந்திக்க வேண்டும். தோல் நீக்கிய பச்சை நெஞ்சிறைச்சி 100 கிராமில் அது 3 கிராமுக்கும் குறைவு. தோலுடன் கூடிய தொடையிலோ ஏறத்தாழ 15 கிராம். ஆகவே தோலை உரித்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது எனலாம்.

இனி எண்ணெய். துண்டு சூடான எண்ணெயிற் கிடக்கும்போது உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியே உந்துவதால், எண்ணெய் எளிதில் உட்புகாது. வெளியே எடுத்து ஆறும்போதே மேலே ஒட்டியிருப்பது உள்ளே உறிஞ்சப்படுகிறது. எனவே, எடுத்தவுடன் வடியவிடுதல் நன்று. நாம் பாவிக்கும் தேங்காயெண்ணெயில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. இரத்தத்திற் கொலஸ்திரோல் மிகுந்த பெரியோர் இதனை மறத்தலாகாது. நாட்கணக்காய்க் காய்ச்சிக் கருத்த எண்ணெயிற் பொரிக்கும் கடையை யாவருமே தவிர்த்தல் வேண்டும்.

சோயா சோஸ் ஒரு மேசைக்கரண்டியில் 2 கிராமுக்கு மேற்பட்ட உப்பு உண்டு. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சோஸில் ஊறிய இறைச்சிக்கு வேறு உப்பு எதற்கு?

யப்பானியர் சில துண்டுகளை, அரிந்த கோவாவும் தேசிக்காய் போன்றதொரு புளிப்புக் கனியும் சேர்த்து உண்பர். நாமோ கொத்துரொட்டியின் மேல் பொரித்த காலொன்றையும் வைக்கிறோம்! பக்கத்தில் வல்லாரைச் சம்பலுக்கு இடம் விட்டாலென்ன?

முற்றிய ஊர்க்கோழிக்கு இம்முறை ஒவ்வாது. இறைச்சி மெதுவாகுமுன் மேல்மா கருகிவிடும். அதனைக் குழம்பாக்குவதே முறை. கடையில் வாங்கும் இளங்கோழியாயினும், துண்டின் நடுப்பகுதி 74 பாகை செல்சியசு வரை வேக வேண்டும். உள்ளே சிவந்திருப்பின், பிள்ளைக்குக் கொடாது மீண்டும் தாச்சியில் இடுக.