பெயர் இருந்தால் போதுமா?

ஒரு வானிலை நிலையத்தில் மூன்று வகை வெப்பமானிகள் கணிப்பொறியுடன் இணைக்கப்பட்டுள்ளன என்று கொள்வோம். ஒவ்வொன்றிடமும் கணிப்பொறி கேட்பது ஒரே கேள்விதான்: "வெப்பநிலை என்ன?" உள்ளே இருப்பது பிளாட்டினக் கம்பியா, வெப்ப மின்னிரட்டையா என்ற கவலை அதற்கு இல்லை.

பொருள்நோக்கு நிரலாக்கத்தின் அடிப்படை இதுவே. தரவையும் அதைக் கையாளும் செயல்களையும் சேர்த்துக் கட்டிய அமைப்புக்குப் 'பொருள்' என்று பெயர். ஒரு பொருள் கட்டாயம் செய்யவேண்டிய செயல்களின் பட்டியலே 'இடைமுகம்'. நம் வெப்பமானிக்கு 'வெப்பநிலை கூறு', 'பழுதை அறிவி' என்ற இரண்டு செயல்கள் வேண்டும். இரண்டாவது விடுபட்டுவிட்டால் என்ன ஆகும்?

1995-இல் வெளிவந்த ஜாவா மொழியில், நிரல் ஓடத் தொடங்குமுன்பே கம்பைலர் அக்குறையைக் கண்டு தடுத்துவிடும். பைத்தான் மொழியின் வழக்கம் வேறு. அழைக்கும்போதுதான் அச்செயல் இருக்கிறதா என்று அது தேடும். ஆகவே கருவி பழுதாகும் நாள் வரை குறை மறைந்தே கிடக்கும்! இதைத் தவிர்க்க, 2008 முதல் பைத்தானிலும் ஒரு வசதி உண்டு. பட்டியலை முன்கூட்டியே அறிவித்துவிட்டால், அதில் ஒரு செயல் குறைந்தாலும் பொருளை உருவாக்கவே முடியாது.

சரி, எல்லாச் செயல்களும் இருக்கின்றன. அது போதுமா? ஒரு வெப்பமானி செல்சியஸிலும் மற்றொன்று பாரன்ஹீட்டிலும் விடை சொன்னால்? இரண்டும் வெறும் எண்களே. பெயர்களை மட்டும் பார்க்கும் சோதனையில் இரண்டும் தேறிவிடும்.

இது வெறும் கற்பனையன்று. 1998 டிசம்பரில் நாசா அனுப்பிய 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' கலத்தின் கதையைப் பாருங்கள். அதன் சிறு உந்திகள் தந்த கணத்தாக்கை நியூட்டன்-வினாடியில் தரவேண்டும் என்று இடைமுக ஆவணம் கூறியது. தரைநிலைய நிரலோ பவுண்டு விசை-வினாடியில் தந்தது. ஒரு பவுண்டு விசை என்பது ஏறத்தாழ 4.45 நியூட்டன். எண்கள் தடையின்றிச் சென்றன, பொருள்தான் மாறிப்போயிற்று. செவ்வாய்க்கு மேலே சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் செல்லவேண்டிய கலம், சுமார் 57 கிலோமீட்டருக்குத் தாழ்ந்தது. 1999 செப்டம்பர் 23-இல் தொடர்பு அறுந்தது, கலம் மீளவில்லை.

எனவே பெயர்ச் சோதனையுடன் செயல் சோதனையும் தேவை. விடை தெரிந்த கேள்வி ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். உருகும் பனிக்கட்டியில் வைத்த செல்சியஸ் வெப்பமானி 0 காட்டவேண்டும். அது 32 என்று சொன்னால், கோளாறு எங்கே என்று உங்களுக்கே விளங்கிவிடும் அல்லவா?