பெல்ட் போட்டால் மட்டும் போதுமா? சாரம் ஏறும் முன் ஒரு கணக்கு!
“பெல்ட்தான் போட்டிருக்கேனே, அப்புறம் என்ன பயம்?” சாரத்தில் ஏறும் பெயிண்டர்களும் கொத்தனார்களும் வழக்கமாகச் சொல்வது இது. ஆனால், கொக்கியை எங்கே மாட்டுகிறோம் என்பதில்தான் உயிரே இருக்கிறது.

சாரம் 12 அடி உயரம், பெல்ட்டின் கயிறு 6 அடி என்று வைத்துக்கொள்வோம். கொக்கியைக் காலடியில் உள்ள பைப்பில் மாட்டியிருந்தால், தவறி விழும்போது கயிறு இறுகுவதற்குள் கால்கள் சுமார் 11 அடி கீழே போய்விடும். அதிர்ச்சியைக் குறைக்கும் பட்டை பிரிந்து இன்னும் 3 அடிக்கு மேலும் நீளலாம். அதாவது, பெல்ட் முழுசாகப் பிடிப்பதற்குள் தரையில் மோதிவிடுவார்! அதே கொக்கி தலைக்கு மேலே, உறுதியான இடத்தில் இருந்தால் கயிறு சுமார் 4 அடியிலேயே இறுகிவிடும். ஜன்னல் கம்பியும் தண்ணீர் பைப்பும் உறுதியான இடமல்ல.

பயிற்சியில் சொல்லித்தர வேண்டியது இன்னும் இருக்கிறது. இடுப்பு பெல்ட் மட்டும் போதாது. தோள், தொடை இரண்டையும் பிடிக்கும் முழு உடல் பெல்ட் வேண்டும். ஒருமுறை விழுந்து தாங்கிய பெல்ட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது. அசையாமல் தொங்கினால் ரத்தம் கால்களில் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம், உயிரும் போகலாம்.

விபத்தைத் தடுப்பது முதலாளியின் பொறுப்பு என்றது, 2025 வரை நடைமுறையில் இருந்த 1996-ம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம். எனவே, ஏறும் முன் மேஸ்திரியிடம் தயங்காமல் கேளுங்கள்: “கொக்கியை எங்க மாட்டணும்ணே? விழுந்து தொங்கினா யார், எப்படி இறக்குவாங்க?”