தோற்றுப்போன திருத்தம்

1948 டிசம்பர் 6. டெல்லியில் கூடியிருந்த அரசியல் நிர்ணய சபை, அரசியலமைப்பு வரைவின் 15ஆம் பிரிவை எடுத்துக்கொண்டது. ஒரே வாக்கியம்தான். சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் எவருடைய உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்றது அது. இதில் சண்டை போட என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால், அடிப்படை உரிமைகள் பற்றிய விவாதங்களிலேயே மிகவும் கனமானது இந்த வாக்கியத்தின் மேல்தான் நடந்தது.

மத்திய மாகாணத்தின் காசி சையத் கரீமுதீன் எழுந்து, ‘சட்டம் வகுத்த நடைமுறை’ போதாது, ‘முறையான சட்ட நெறி’ வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். கிழக்குப் பஞ்சாபின் தாக்கூர் தாஸ் பார்கவா அதே கோரிக்கைக்காக வாதாடினார். வரைவுக் குழுவிலேயே இருந்த கே.எம்.முன்ஷியும் அந்தப் பக்கம்தான் பேசினார்.

அவர்களுடைய அச்சம் நியாயமானது. ‘அதிகாரி கையெழுத்திட்டால் விசாரணையின்றிச் சிறை’ என்று நாடாளுமன்றம் நாளை ஒரு சட்டம் போட்டால், அதுவும் ‘சட்டம் வகுத்த நடைமுறை’ ஆகிவிடும். கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும்தான் நீதிமன்றம் பார்க்க முடியும். அந்தச் சட்டமே அநீதியானது என்று சொல்ல அதற்கு வழியில்லை. ரௌலட் சட்டத்தை எதிர்த்துப் போராடிய தலைமுறைக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

உண்மையில், 1947 ஏப்ரலில் சபை முதலில் ஏற்றுக்கொண்டது ‘முறையான சட்ட நெறி’யைத்தான். பிறகு அரசியலமைப்பு ஆலோசகர் பி.என்.ராவ் அமெரிக்கா போனார். அங்கே உச்ச நீதிமன்ற நீதிபதி பிராங்க்ஃபர்ட்டர், சட்டத்தின் நியாயத்தையே எடைபோடும் இந்த அதிகாரம் நீதிபதிகளை மக்கள் மன்றத்துக்கு மேலே உட்காரவைத்துவிடும் என்று எச்சரித்தார். அவர் கவலைக்கு அடிப்படை இருந்தது. ரொட்டித் தொழிலாளர்களின் வேலை நேரத்தை வாரம் 60 மணியாகக் கட்டுப்படுத்திய நியூயார்க் சட்டத்தை அந்த நீதிமன்றம் 1905இல் இதே கோட்பாட்டைச் சொல்லித்தான் செல்லாததாக்கியது. ஜமீன்தாரி ஒழிப்பைக் கையில் எடுத்திருந்த நம் தலைவர்களுக்கு அந்த எச்சரிக்கை உறைத்தது. வரைவுக் குழு வாசகத்தை மாற்றிவிட்டது.

சபையில் அந்த மாற்றத்துக்காக நின்றவர் சென்னையின் முன்னாள் அட்வகேட் ஜெனரல் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். அமெரிக்கத் தீர்ப்புகள் நீதிபதிகள் மாற மாற இங்குமங்கும் அலைந்ததைச் சுட்டிக்காட்டினார்.

டிசம்பர் 13 அன்று அம்பேத்கர் பதில் சொன்னார். கட்சிக்காரர்கள் நிறைந்த சட்டமன்றம் உரிமைகளை மிதிக்கலாம். ஐந்தாறு நீதிபதிகள் தங்கள் மனச்சாட்சியை வைத்துச் சட்டங்களைத் தள்ளவும் செய்யலாம். இரண்டிலும் ஆபத்து உண்டு என்று ஒப்புக்கொண்ட அவர், முடிவைச் சபையிடமே விட்டுவிட்டார். வரைவுக் குழுவின் தலைவர் தன் வரைவுக்காக அடம்பிடிக்காமல் நின்ற அந்த நிமிடம், எனக்கு அந்த மனிதரின் பெரும் நேர்மையாகப் படுகிறது. வாக்கெடுப்பில் திருத்தங்கள் தோற்றன.

வெளியே கண்டனம் ஓயவில்லை. வரைவின் வேறெந்தப் பகுதியும் இவ்வளவு கடுமையாகத் தாக்கப்படவில்லை என்று அம்பேத்கரே சொன்னார். ஈடுசெய்ய 1949 செப்டம்பரில் 15-ஏ பிரிவைக் கொண்டுவந்தார். கைதுக்குக் காரணம் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஆனால், தடுப்புக் காவலுக்கு அதே பிரிவு விலக்கு அளித்தது. ஆலோசனைக் குழு பார்க்காமலேயே மூன்று மாதம் வரை உள்ளே வைக்கலாம். சிறைவாசம் அனுபவித்த மகாவீர் தியாகி கொதித்துப்போனார். விடுதலை பெற்ற நாடு தன் உரிமைப் பட்டியலுக்குள்ளேயே இதை எழுதிக்கொண்டதை என்னாலும் ஏற்க முடியவில்லை.

சபையில் தாக்கலான திருத்தங்கள் 7,635. முன்மொழியப்பட்டவை 2,473. பல தோற்றன. ஆனாலும் 1949 நவம்பர் 25 நிறைவுரையில், கட்சிக் கட்டுப்பாட்டுக்கு அடங்காத காமத், தாக்கூர் தாஸ் பார்கவா போன்ற ‘கலகக்காரர்’களுக்கு அம்பேத்கர் பெயர் சொல்லி நன்றி பாராட்டினார்.

அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. கலகக்காரர்களின் அச்சம் பலித்தது. சென்னை மாகாணத்தில் 1947 முதல் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் உச்ச நீதிமன்றம் போனார். 15ஆம் பிரிவு அதற்குள் 21 ஆகியிருந்தது. சட்டம் நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று வாதாடினார் அவர் வழக்கறிஞர் எம்.கே.நம்பியார். 1950 மே 19 தீர்ப்பில் பெரும்பான்மை நீதிபதிகள் மறுத்தார்கள். சபை யோசித்தே தள்ளிவிட்ட ஒன்றை நாங்கள் எப்படி உள்ளே கொண்டுவருவது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. நீதிபதி பாசல் அலி மாறுபட்டு எழுதினார்.

1978இல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கில் நீதிமன்றம் திரும்பியது. நடைமுறை நியாயமானதாக, நேர்மையானதாக இருந்தால்தான் செல்லும் என்றது. கரீமுதீனும் பார்கவாவும் கேட்டது முப்பது ஆண்டு கழித்துக் கிடைத்தது.

22ஆம் பிரிவாகிவிட்ட 15-ஏயின் தடுப்புக் காவல் பகுதி அப்படியே இருக்கிறது. தமிழ்நாட்டில் நாம் ‘குண்டர் சட்டம்’ என்று சொல்லும் 1982ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவரை ஓராண்டு வரை விசாரணையின்றி வைக்கத் துணிவது அதன் பலத்தில்தான். அதே பிரிவுதான் காவலில் இருப்பவருக்குக் காரணங்களைத் தெரிவிக்கவும் முறையிட வாய்ப்பளிக்கவும் கட்டளையிடுகிறது. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடும் வழக்கறிஞர்கள் பிடித்துக்கொள்வது இதைத்தான்: ஆவணங்களைத் தமிழில் தரவில்லை, நகல் படிக்கிற மாதிரி இல்லை, முறையீட்டை அரசு வாரக்கணக்கில் பார்க்கவே இல்லை. இப்படிப்பட்ட காரணங்களுக்காகக் காவல் உத்தரவுகள் இன்றும் ரத்தாகின்றன.