விடுமுறையில் எதைப் பயில வேண்டும்? இளம் கூடைப்பந்து வீரர்களுக்கு

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததுமே பாஸ்கெட்பால் கோர்ட்டுகள் நிரம்பிவிடுகின்றன. காலையில் ஒரு முகாம், மாலையில் கிளப், இடையில் நாக்-அவுட் போட்டிகள். பிள்ளை நாள் முழுக்க விளையாடுகிறதே என்று பெற்றோருக்கும் நிறைவு. ஆனால் ஜூனில் பள்ளி திறக்கும்போது பல பிள்ளைகளிடம் பழைய ஆட்டம்தான் இருக்கிறது. அதே வலது கை, அதே பக்கம் வெட்டிப் போகும் பழக்கம். புதிதாகச் சேர்ந்திருப்பது முழங்கால் வலி மட்டுமே.

பள்ளி திறந்தபின் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று போட்டிகள் வரிசைகட்டி வரும். அப்போது யாருக்கு எது நன்றாக வருமோ அதையே செய்யச் சொல்வார் பயிற்சியாளர். அவரைக் குறை சொல்ல முடியாது. தோற்றால் வெளியேற வேண்டிய ஆட்டத்தில் யாரும் இடது கையால் லே-அப் போட்டுப் பார்க்க மாட்டார்கள். தவறு செய்தாலும் எதுவும் பறிபோகாத காலம் கோடைதான். அதையும் போட்டிகளால் நிரப்பிவிட்டால், பிள்ளை தன் குறையைத் திருத்திக்கொள்ள ஆண்டில் வேறு இடமே இல்லை.

முதலில் ஓய்வு

ஒரே விளையாட்டை ஆடும் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஓரிரு நாளும், ஆண்டில் மொத்தமாக மூன்று மாதமும் அந்த விளையாட்டிலிருந்து விடுப்பு வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் பரிந்துரை. மூன்று மாதத்தையும் சேர்ந்தாற்போல் எடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மாதமாகப் பிரித்துக்கொள்ளலாம். அவ்வளவு நம் கோடை விடுமுறையில் கிடைக்காது. தேர்வு முடிந்த முதல் இரண்டு வாரமாவது பந்தைத் தொடாமல் நீச்சல், சைக்கிள், கபடி, பாட்டி வீட்டு மாந்தோப்பு என்று போகட்டும். ஆட்டம் மறந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். 14 வயதுக்கு முன் ஒரே விளையாட்டில் முடங்க வேண்டாம் என்பதே அமெரிக்காவின் என்.பி.ஏ.வும் அந்நாட்டுக் கூடைப்பந்து அமைப்பும் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல்.

ஒரே ஒரு குறை

விடுமுறைக்கு ஒரு குறை, மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் எடுத்தால் எதுவும் திருந்தாது. எந்தக் குறை என்பதைப் பிள்ளையும் பயிற்சியாளரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். கடந்த பருவத்தில் ஆடிய ஓர் ஆட்டத்தின் செல்போன் வீடியோ இருந்தாலே போதும், தெரிந்துவிடும்: பந்தைப் பார்த்துக்கொண்டே டிரிபிள் செய்வது, இடப்பக்கம் போகாமல் இருப்பது, அழுத்தம் வந்தால் பாஸை மேலே தூக்கிப் போடுவது.

இதில் மிகக் கடினமானது ஷாட்டைத் திருத்துவது. ஸ்டீபன் கரியின் கதை இங்கே பயன்படும். பள்ளி நாட்களில் அவர் ஒல்லியான, குட்டையான பையன். பந்தைத் தாழ்வாக வைத்திருந்து மேலே தள்ளுவார். கல்லூரி ஆட்டத்தில் உயரமானவர்கள் அதைத் தட்டிவிடுவார்கள் என்று கணித்தார் அவருடைய தந்தை டெல் கரி, அவரே என்.பி.ஏ.யில் ஆடியவர். ஒரு கோடை முழுக்க மகனின் ஷாட்டைப் பிரித்து, தலைக்கு மேலிருந்து பந்து புறப்படுமாறு மாற்றினார். அந்த மாதங்களில் கரியால் தூரத்திலிருந்து ஒழுங்காகப் போடவே முடியவில்லை. வளையத்துக்கு அருகிலிருந்து மறுபடி தொடங்கினார். தன் வாழ்வின் மோசமான கோடைகளில் ஒன்றாக அதை அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். 2015லும் 2016லும் என்.பி.ஏ.யின் மிகச் சிறந்த வீரர் விருதை வென்றது அந்த ஷாட்தான்.

திருத்தத் தொடங்கியதும் ஆட்டம் சில வாரம் மோசமாகும் என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வாரங்களில் பிள்ளையைப் போட்டிக்கு இழுத்துப் போனால் அது பழைய பழக்கத்துக்கே ஓடிவிடும்.

சின்னப் பிள்ளைகளிடம் குறை பல நேரம் பந்தில் இருக்கிறது. 12 வயது வரையிலான மினி கூடைப்பந்துக்கு 5ஆம் எண் பந்தும் 2.60 மீட்டர் உயர வளையமும்தான் சர்வதேச அளவு. நாமோ 9 வயதுக் குழந்தையிடம் 7ஆம் எண் பந்தைக் கொடுத்து 3.05 மீட்டர் வளையத்தைக் காட்டுகிறோம். அந்தக் குழந்தை இடுப்பிலிருந்து வீசாமல் வேறென்ன செய்யும்?

எண்ணிப் பழகு, கலந்து பழகு

நூறு ஷாட் போட்டேன் என்பது கணக்கல்ல. நூறில் எத்தனை விழுந்தன, எந்த இடத்திலிருந்து விழவில்லை என்பதுதான் கணக்கு. ஒரு சிறிய நோட்டில் அதை எழுதிவைக்கட்டும். இடது கை லே-அப்பில் வலது காலில் எம்பினானா என்பதையும் எழுதலாம். பலர் அங்கேதான் தடுமாறுகிறார்கள்.

ஒரே இடத்தில் நின்று ஐம்பது முறை போட்டால், பழகும்போது நன்றாகவே விழும். ஆட்டத்தில் அந்த இடம் இரண்டு முறை கிடைப்பதே அபூர்வம். 1979இல் ஷே, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் எளிய கை அசைவுகளைக் கற்பித்துப் பார்த்தார்கள். வரிசை மாற்றிக் கலந்து பழகியவர்கள் பயிற்சியின்போது பின்தங்கினார்கள். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது அவர்களுக்கே நன்றாக நினைவிருந்தது. எனவே புதிய அசைவு பிடிபடும் வரை திரும்பத் திரும்பச் செய்யலாம். பிடிபட்டபின் இடத்தையும் வேகத்தையும் மாற்ற வேண்டும், எதிரே ஒருவரை நிறுத்த வேண்டும். ஃப்ரீ த்ரோவை ஓடி மூச்சுவாங்கும் நேரத்தில் பழக வேண்டும், ஆட்டத்தில் அது அப்போதுதான் வரும். இப்படிப் பழகினால் ஒரு மணி நேரத்திலேயே பிள்ளை களைத்துவிடும். அது போதும்.

வளரும் முழங்கால்

பெண் பிள்ளைகள் ஏறக்குறைய 12 வயதிலும் ஆண் பிள்ளைகள் 14 வயதிலும் மிக வேகமாக உயர்கிறார்கள். அப்போது முழங்காலுக்குச் சற்றுக் கீழே, தசைநாண் எலும்பில் ஒட்டும் வளர்ச்சிப் பகுதி மென்மையாக இருக்கும். சிமென்ட் தரையில் ஓயாமல் குதித்தால் அந்த இடம் இழுபட்டு வீங்கி, தொட்டால் வலிக்கும். ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். குதிகாலிலும் இதேபோன்ற வலி வரும். பெரும்பாலும் ஓய்விலும் சுமையைக் குறைப்பதிலும் அடங்கிவிடும். "வலியைத் தாங்கப் பழகு" என்று விரட்டினால் நீளும். இரவில் எழுப்பும் வலி, நொண்டல், வீக்கம் குறையாமை இருந்தால் எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு கவனம். முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் கிழியும் ஆபத்து இந்த விளையாட்டில் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். குதித்து இறங்கும்போது முழங்கால்கள் உள்பக்கம் சரிவது ஒரு காரணம். சத்தமில்லாமல், முழங்காலை மடக்கி, கால்விரல்களின் நேர்கோட்டில் இறங்கப் பழக்குவதைத் தினசரி வார்ம்-அப்பில் சேர்த்தால் இந்த ஆபத்து குறையும். ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சி கணுக்கால் சுளுக்கைத் தடுக்கவும் உதவும். இவற்றைக் கற்றுக்கொடுக்க வசதியான காலமும் கோடைதான். நம் முகாம்கள் பலவற்றில் இதற்குப் பத்து நிமிடம்கூட ஒதுக்குவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

வெயிலும் தூக்கமும்

கத்திரி வெயிலில் காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பின்பும் மட்டுமே திறந்தவெளிக் கோர்ட். உடல் வெப்பத்துக்குப் பழக ஓரிரு வாரம் ஆகும், முதல் நாளே முழுப் பயிற்சி கூடாது. தண்ணீர், மோர், எலுமிச்சைச் சாறு என்று இடைவேளைதோறும் குடிக்கட்டும். பிள்ளை தள்ளாடினாலோ குழப்பமாகப் பேசினாலோ நிழலுக்குத் தூக்கிப்போய் உடல் முழுதும் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். கூடவே 108ஐ அழைக்க வேண்டும்.

13 முதல் 18 வயது வரை நாளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. நள்ளிரவு வரை செல்போன் பார்த்துவிட்டு ஐந்து மணிக்கு முகாமுக்குக் கிளம்பும் பிள்ளைக்கு அன்று பயிற்சி வேண்டாம், தூங்கட்டும்.

முகாமில் கேட்க வேண்டியவை

பணம் கட்டும் முன் பயிற்சியாளரிடம் கேளுங்கள்: ஒரு பந்துக்கு எத்தனை பிள்ளைகள்? வாரத்தில் எந்த நாள் விடுமுறை? என் பிள்ளைக்கு எந்தக் குறையைத் திருத்தப்போகிறீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பத்து நாள் கழித்துச் சொல்கிறேன் என்றாலும் நல்ல பதில்தான். கடைசி நாள் கோப்பையைப் பற்றி மட்டுமே பேசுகிறவரிடம் சேர்க்க வேண்டாம்.