மாநிலப் பாதுகாப்பு ஆணையங்கள்: சட்டம் தந்த வடிவம்

மாநிலக் காவல்துறை யாருக்குப் பொறுப்புடையது? மக்களாட்சியில் இதற்கு விடை எளிதே. காவல்துறை அரசுக்கும், அரசு சட்டமன்றத்திற்கும், சட்டமன்றம் மக்களுக்கும் பொறுப்புடையவை. ஆயினும் நடைமுறையில் ஒரு சிக்கல் எழுகின்றது. காவல்துறைக்குக் கொள்கை வகுத்துத் தரும் உரிமை எங்கு முடிகின்றது, ஒரு வழக்கின் புலனாய்வில் தலையிடுவது எங்கு தொடங்குகின்றது என்னும் எல்லை தெளிவாக வரையறுக்கப்படவில்லை. இவ்வெல்லையைக் காப்பதற்கெனக் கருதப்பட்ட அமைப்பே மாநிலப் பாதுகாப்பு ஆணையம்.

தோற்றம்

1857 ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின், அயலார் ஆட்சியின் தேவைக்கென இயற்றப்பட்டது 1861 ஆம் ஆண்டின் போலீஸ் சட்டம். அதன் மூன்றாவது பிரிவு, காவல்துறையின் மேற்பார்வை அதிகாரத்தை மாநில அரசிடம் ஒப்படைத்தது. அவ்வதிகாரத்தின் வரம்பை அது விளக்கவில்லை. 1977 ஆம் ஆண்டு தரம வீரா தலைமையில் அமைக்கப்பெற்ற தேசிய போலீஸ் கமிஷன் இக்குறையை ஆராய்ந்தது. 1979 ஆம் ஆண்டில் அளித்த இரண்டாவது அறிக்கையில், மாநிலந்தோறும் ஒரு பாதுகாப்பு ஆணையம் சட்டப்படி நிறுவப்பட வேண்டும் எனப் பரிந்துரைத்தது.

அப்பரிந்துரை நெடுங்காலம் செயல்வடிவம் பெறவில்லை. ஓய்வுபெற்ற காவல்துறை உயர் அதிகாரி பிரகாஷ் சிங் முதலியோர் 1996 ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றத்தை அணுகினர். 2006 செப்டம்பர் 22 அன்று நீதிமன்றம் ஏழு கட்டளைகளைப் பிறப்பித்தது. அவற்றுள் முதலாவது இவ்வாணையம் பற்றியது. முதலமைச்சரோ உள்துறை அமைச்சரோ தலைவராகவும், காவல்துறைத் தலைமை இயக்குநர் பதவிவழிச் செயலாளராகவும் இருத்தல் வேண்டும். ஏனைய உறுப்பினர்கள் அரசின் கட்டுப்பாட்டிற்கு உட்படாது செயல்படத்தக்கவராய் இருத்தல் வேண்டும். ஆணையத்தின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்பன அதன் கூறுகள். உரிய சட்டம் இயற்றப்படும் வரை இக்கட்டளைகள் நடைமுறையில் இருக்கும் எனவும் நீதிமன்றம் கூறியது.

சட்டங்களின் போக்கு

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் காவல்துறை மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது. எனவே பல மாநிலங்கள் தத்தம் சட்டங்களை இயற்றலாயின. ஆணையம் என்னும் கருத்தை ஏற்ற அச்சட்டங்கள் அதன் வடிவை மாற்றியமைத்தன.

பீகாரின் 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தில் தலைமைச் செயலாளர், காவல்துறைத் தலைமை இயக்குநர், உள்துறைச் செயலாளர் ஆகிய அதிகாரிகளே உறுப்பினர்கள். எதிர்க்கட்சித் தலைவருக்கோ பொதுமக்கள் சார்பிலான எவருக்கோ அதில் இடமில்லை. கேரளம் 2007 ஆம் ஆண்டுத் திருத்தத்தையடுத்து 2011 ஆம் ஆண்டில் புதிய சட்டமே இயற்றியது. எதிர்க்கட்சித் தலைவர், உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி நியமிக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி, ஆளுநர் நியமிக்கும் அலுவல்சாரா உறுப்பினர் மூவர் ஆகியோர் அதில் இடம்பெற்றனர். ஆணையத்தின் கட்டளைகள் காவல்துறையைக் கட்டுப்படுத்தும். எனினும் எழுத்தில் காரணம் பதிவு செய்து அரசு அவற்றை மறுக்கலாம் என்பது அச்சட்டத்தின் ஏற்பாடு. மகாராஷ்டிரத்தின் 2014 ஆம் ஆண்டுத் திருத்தமோ பரிந்துரைகள் ஆலோசனைத் தன்மையன என்று வரையறுத்தது.

இவ்வேறுபாடு சிறிதன்று. காரணம் கூறியே மறுக்க வேண்டும் என்னும் விதி இருப்பின், மறுப்பும் ஓர் ஆவணமாகின்றது. பின்னர் அது குறித்து வினா எழுப்ப இயலும். வெறும் ஆலோசனையாயின், மௌனமே விடையாக அமைந்துவிடக் கூடும்.

மதிப்பீட்டின் பயன்

ஆணையத்தின் மற்றொரு முக்கியப் பணி, காவல்துறையின் செயற்பாட்டை மதிப்பிட்டு அறிக்கை தயாரித்தலாகும். அவ்வறிக்கை சட்டமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். இதன் தேவையைப் பொருளியல் நோக்கில் உணரலாம். பதிவான குற்றங்களின் எண்ணிக்கை ஒன்றே அளவுகோலாயின், புகாரைப் பதிவு செய்யாதிருப்பதே நிலைய அதிகாரிக்கு ஆதாயமாகிவிடும். புள்ளிவிவரத்தில் குற்றம் குறையும். பறிகொடுத்தவரின் இழப்போ குறைவதில்லை. நிலையத்தின் வாயிலிலேயே திருப்பி அனுப்பப்படும் ஏழைக்கு வேறு புகலிடம் அரிது. ஆகவே அளவுகோலை வகுப்போர், அளக்கப்படும் துறைக்குப் புறம்பானவராகவும் இருத்தல் வேண்டும். அரசின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை சட்டமன்றத்திற்குச் செல்வதும் இதே நெறியில்தான்.

எஞ்சியுள்ள பணி

உச்சநீதிமன்றம் 2008 ஆம் ஆண்டில் நியமித்த நீதிபதி தாமஸ் குழு, மாநிலங்கள் சீர்திருத்தத்தில் காட்டிய அக்கறையின்மையை 2010 ஆம் ஆண்டு அறிக்கையில் சுட்டிக்காட்டியது. 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் மூன்று நடைமுறைக்கு வந்துள்ளன. குற்றங்களின் வரையறையும் விசாரணை முறையும் அவற்றால் மாறின. ஆனால் காவல்துறையின் மேற்பார்வை என்னும் பொருள் மாநிலச் சட்டங்களின் பொறுப்பிலேயே உள்ளது.

எனவே இச்சட்டங்களைப் புதுப்பிக்க முற்படும்போது மூன்று வினாக்களுக்கு விடை காணுதல் இன்றியமையாதது. உறுப்பினரைத் தெரிவு செய்வோர் யார்? பரிந்துரையை மறுப்பின் காரணம் பதிவாகுமா? ஆண்டறிக்கை உரிய காலத்தில் சட்டமன்றத்தை அடையுமா? ஆணையம் பெயரளவில் நிற்குமா, பயன் தருமா என்பதை இம்மூன்றுமே முடிவு செய்யும்.