சைக்கிள் கம்ப்யூட்டரும் ஸ்மார்ட் வாட்சும் முட்டிக்கொள்ளும் இடம்

ஹேண்டில்பாரில் பொருத்தும் சிறு திரைக் கருவிதான் சைக்கிள் கம்ப்யூட்டர். வேகம், தூரம், வழி ஆகியவற்றை ஜிபிஎஸ் கொண்டு தானே கணித்துக்கொள்ளும். இதயத் துடிப்புக்கும் பெடல் சுற்றும் வேகத்துக்கும் வெளியே உள்ள சென்சார்களை நம்பியிருக்கிறது. பெங்களூரிலிருந்து அத்திப்பள்ளி, ஜூஜூவாடி எல்லையைத் தாண்டி ஓசூர், கிருஷ்ணகிரி என்று நெடுந்தூரம் மிதிப்பவர்கள் கையில் ஸ்மார்ட் வாட்சும் இருந்தால், அதுவும் அதே சென்சார்களைத் தேடும்.

சென்சார்கள் தகவல் அனுப்ப இரண்டு முறைகள் உண்டு. ஆன்ட் பிளஸ் முறையை உருவாக்கியது கனடாவின் டைனாஸ்ட்ரீம் நிறுவனம்; 2006-ல் அந்த நிறுவனத்தைக் கார்மின் நிறுவனம் வாங்கிக்கொண்டது. இந்த முறை கோயில் ஒலிபெருக்கி போன்றது. இதயத் துடிப்பை அளக்கும் மார்புப் பட்டை விநாடிக்குச் சுமார் 4 முறை துடிப்பை அறிவிக்கும். எத்தனை கருவிகள் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். 2010-ல் வந்த புளூடூத் 4.0-இன் குறைந்த மின்சக்தி முறையோ ஒரு சென்சாரையும் ஒரு கருவியையும் நேரடியாக இணைக்கிறது. பழைய பட்டைகள் பல, ஓர் இணைப்பு கிடைத்ததுமே மற்றவற்றின் கண்ணில் படாமல் போய்விடும்.

நடப்பது இதுதான். பட்டையை நனைத்து மார்பில் கட்டியதும் அது விழித்துக்கொள்கிறது. வாசலில் நின்று வாட்சில் பயிற்சியைத் தொடங்கினால், வாட்ச் முந்திக்கொண்டு பட்டையைப் பிடித்துவிடும். பிறகு இயக்கப்படும் கம்ப்யூட்டர் ‘சென்சார் கிடைக்கவில்லை’ என்கிறது. பேட்டரியை மாற்றுகிறார்கள், பட்டையைக் கழுவுகிறார்கள், புதிதாகவும் வாங்குகிறார்கள். பழுது எதுவும் இல்லை; பட்டை வேறொரு கருவியின் பிடியில் இருக்கிறது, அவ்வளவே. பல நேரம் பிடித்து வைத்திருப்பது வாட்சுகூட அல்ல, போனில் பின்னணியில் ஓடும் பயிற்சிச் செயலி.

கம்ப்யூட்டரை ஆன்ட் பிளஸிலும் வாட்சைப் புளூடூத்திலும் இணைப்பதே நல்ல தீர்வு. ஆப்பிள் வாட்சில் ஆன்ட் பிளஸ் கிடையாது என்பதால் அதற்குப் புளூடூத் ஒன்றே வழி. போலார் ஹெச்10 பட்டை ஒரே நேரத்தில் 2 புளூடூத் இணைப்புகளை ஏற்கும். பட்டையே இல்லாமலும் சமாளிக்கலாம்: கார்மின் வாட்சுகள் பல, மணிக்கட்டில் அளந்த துடிப்பைத் தாமே கம்ப்யூட்டருக்கு ஒலிபரப்பும். ஆனால் ஹேண்டில்பாரை இறுகப் பிடித்து மேடு பள்ளத்தில் அதிரும் கையில் அந்த அளவு பிசகக்கூடும். பட்டையின் கணக்கே நம்பத்தக்கது.

ஓசூரில் உருவாகும் வண்டிகள் சிலவற்றில் இதே புளூடூத் வேறு விதமாக அமைந்திருக்கிறது. டிவிஎஸ் மோட்டாரின் ஆலை இருக்கும் ஊர் இது. டிவிஎஸ் 2018-ல் வெளியிட்ட என்டார்க் 125 ஸ்கூட்டரின் மீட்டர், புளூடூத் வழியே போனுடன் பேசுகிறது. அங்கே நடுவில் இருப்பது போன். வாட்ச், ஹெட்செட், ஸ்கூட்டர் மூன்றையும் அது ஒருசேரத் தாங்கும். நாணய அளவு பேட்டரியில் மாதக்கணக்கில் ஓட வேண்டிய சென்சாரிடம் அந்த வலுவை எதிர்பார்க்க முடியாது.

பட்டையின் இணைப்பு கிடைத்த பிறகும் அறுந்து அறுந்து வந்தால் காரணம் வேறு. ஆன்ட் பிளஸ், புளூடூத் இரு முறைகளும் வைஃபை புழங்கும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் இயங்குகின்றன. ஆன்ட் பிளஸ் 2457 மெகாஹெர்ட்ஸிலேயே நிற்கிறது. அது வைஃபையின் 11-ஆம் சேனலுக்குள் விழுகிறது. வீட்டுக்குள் ரவுட்டருக்குப் பக்கத்தில், சைக்கிளை நிலையாக நிறுத்தும் டிரெய்னரில் மிதிப்பவர்களுக்கு இது தொல்லை தரும். புளூடூத் சேனல் விட்டுச் சேனல் தாவுவதால் தப்பித்துக்கொள்ளும். சாலையில் வைஃபையைவிட உடம்பே பெரிய தடை. உடலில் உள்ள நீர் இந்த அலையை உறிஞ்சுவதால், முதுகுப் பையில் இருக்கும் போனுக்கு மார்புப் பட்டையின் சமிக்ஞை தேய்ந்தே போய்ச் சேர்கிறது.

ஆன்ட் பிளஸ் கருவிகளுக்குச் சான்றளிக்கும் திட்டத்தைக் கார்மின் 2025 ஜூனில் முடித்துக்கொண்டது. அதற்குப் பின்னணியாக இருந்த, கம்பியில்லாக் கருவிகளுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பாதுகாப்பு விதிகள் அதே ஆண்டு ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தன. கையில் இருக்கும் ஆன்ட் பிளஸ் கருவிகள் தொடர்ந்து வேலை செய்யும். புதிதாகப் பட்டை வாங்குபவர்கள் மட்டும், அது ஒரே நேரத்தில் எத்தனை புளூடூத் இணைப்புகளை ஏற்கும் என்று கேட்டு வாங்க வேண்டும்.